பக்கவாத்தியம் முன்வரிசைக்கு வந்த 46 ஆண்டுகள்: ‘சக்தி’ குழுவின் மறுவருகை

2023 ஜூன் 30 அன்று ‘திஸ் மொமன்ட்’ என்னும் இசைத்தொகுப்பு வெளியானது. குழுவின் பெயர் ‘சக்தி’. அப்பெயர் தாங்கி, ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகி, அதற்கு முன்னர் வெளிவந்த கடைசித் தொகுப்பு 1977-ஆம் ஆண்டின் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. இரண்டிற்கும் இடையே 46 ஆண்டுகள். 1977-இல் வாசித்த நால்வரில் இருவரே 2023-இல் எஞ்சியிருந்தனர்: கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், தபலா கலைஞர் ஜாகிர் உசேன். 2024 பிப்ரவரி 4 அன்று இத்தொகுப்பு சிறந்த உலகளாவிய இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். மறுவருகையாகத் தொடங்கியது, ஒன்றரை ஆண்டுக்குள் விடைபெறலாக மாறிவிட்டது.

இக்குழுவின் வரலாறு இரண்டு விதங்களில் சொல்லப்படுகிறது. மேற்கத்திய இசை வரலாறுகளில் அது மெக்லாலினின் கீழ்த்திசைப் பயணம். ராக் மேடையின் உச்சத்தில் இருந்த ஒருவர் அமைதி தேடிக் கிழக்கே திரும்பிய கதை. இந்தியச் செய்திகளில் அது இந்தியக் கலைஞர்கள் உலக விருது வென்ற கதை. இரண்டும் பொய்யல்ல, எனினும் இரண்டிலும் ஒரு செய்தி விடுபடுகிறது. கர்நாடக இசைமேடையில் மிருதங்கத்திற்கும் பின்னே உட்கார்ந்திருந்த கடமும் கஞ்சிராவும், இக்குழுவில் முதன்மை வாத்தியங்களுக்குச் சமமான இடத்தைப் பெற்றன. அந்த இடம் எப்படிக் கிடைத்தது, 46 ஆண்டு இடைவெளியில் அது எப்படிக் காக்கப்பட்டது என்று பார்த்தால் ‘திஸ் மொமன்ட்’ வேறொரு பொருளைத் தருகிறது.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. 1942-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் பிறந்த மெக்லாலின் 1969-இல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அப்போது ஜாஸ் இசைக்குள் மின்வாத்தியங்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிச்சஸ் ப்ரூ’ என்னும் அவருடைய இரு தொகுப்புகளிலும் மெக்லாலினின் கிதார் ஒலித்தது. ஜாஸின் கற்பனை வாசிப்பும் ராக் இசையின் மின்விசையும் கலந்த அந்தப் புதிய வகைக்கு ஜாஸ்-ராக் என்று பெயர் நிலைத்தது. 1971-இல் மெக்லாலின் தாமே ஒரு குழுவைத் தொடங்கினார். அவருடைய குரு ஸ்ரீசின்மாய் அவருக்குச் சூட்டிய பெயரையொட்டி அது ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ எனப்பட்டது. இங்கிலாந்து, அயர்லாந்து, பனாமா, செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் பிறந்த ஐவர் அதில் வாசித்தனர். 1973-இல் வெளிவந்த அதன் இரண்டாம் தொகுப்பு ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 15-ஆம் இடம்வரை சென்றது. பாடகரே இல்லாத, தாளக்கட்டு கடினமான ஓர் இசைக்கு அது வியப்பூட்டும் வெற்றி.

அதே ஆண்டின் முடிவில் அந்த ஐவர் குழு கலைந்தது. ஓயாத பயணமும் களைப்பும் காரணங்களில் அடங்கும். ஆனால் வரலாற்று நோக்கில் முதன்மையானது வேறு: இசை யாருடையது என்னும் கேள்வி. முதல் இரண்டு தொகுப்புகளின் உருப்படிகள் அனைத்தும் மெக்லாலின் பெயரில் அமைந்தவை. மற்றவர்கள் தங்கள் ஆக்கங்களுக்கும் இடம் வேண்டினர். 1973 கோடையில் இலண்டனின் ட்ரைடன்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களின் ஆக்கங்களையும் சேர்த்து ஒரு தொகுப்பு பதிவாயிற்று. கருத்து வேறுபாட்டால் அது வெளியாகவில்லை. 26 ஆண்டுகள் கழித்து 1999-இல்தான் அந்த நாடாக்கள் இசைத்தட்டாயின. ஒரு தலைவரும் நான்கு வாத்தியக்காரரும் என்ற அமைப்பு, மற்ற நால்வரும் தலைவருக்கு நிகரான ஆற்றல் கொண்டோராக இருந்தபோது தாங்கவில்லை.

அந்த உடைவின் காலத்திலேயே மெக்லாலின் வேறொரு பள்ளியில் மாணவராக இருந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960-களிலிருந்து கர்நாடக இசையைப் பாடமாகக் கற்பித்து வந்தது. மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன், அவருடைய சகோதரரான புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் முதலியோர் அங்குக் கற்பித்தனர். அங்கு ஆசிரியராக இருந்த எஸ். ராமநாதனிடம் மெக்லாலின் வீணை பயின்றார். அதே பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு மாணவராக இருந்தவர் வயலின் கலைஞர் எல். சங்கர். சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்; எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. தபலா மேதை அல்லா ரக்காவின் மகனான ஜாகிர் உசேன், கலிஃபோர்னியாவில் அலி அக்பர் கான் நிறுவிய இசைக்கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்த இந்திய இசைக் கல்விக்கூடங்களே ‘சக்தி’யின் விளைநிலம். மேற்கத்தியர் ஒருவர் இந்தியாவுக்கு வந்து இசையைக் கண்டெடுத்தார் என்னும் கதைக்கு இங்கு இடமில்லை. மெக்லாலின் அமர்ந்தது முறையான ஆசிரியரின் முன்னால்.

தாளப் பக்கத்தில் இருவர் சேர்ந்தனர். ஒருவர் மிருதங்கக் கலைஞர் ராம்நாட் ராகவன். மற்றொருவர் கடக் கலைஞர் டி.எச். விநாயகராம்; இசை உலகம் ‘விக்கு’ என்றழைப்பவர். மெக்லாலின் பிறந்த அதே 1942-இல் பிறந்தவர். 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர்.

விநாயகராம் இக்குழுவில் பெற்ற இடத்தின் மதிப்பை உணர, கச்சேரி மேடையின் இருக்கை வரிசையை நினைத்துக்கொள்ள வேண்டும். நடுவே பாடகர். ஒரு பக்கம் வயலின், எதிர்ப்பக்கம் மிருதங்கம். இவை பக்கவாத்தியங்கள். கடம், கஞ்சிரா, முகர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியங்கள், பின்வரிசைக்குரியவை. பாடகரின் விருப்பம், சபாவின் பணவசதி, மிருதங்கக் கலைஞரின் இசைவு ஆகியவற்றைப் பொறுத்தே அவற்றிற்கு இடம் கிடைக்கும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் முதலில் வாசித்துக் காட்டும். கடம் அதைப் பின்தொடரும். செலவைக் குறைக்க வேண்டிய கச்சேரியில் முதலில் நீக்கப்படுவதும் உபபக்கவாத்தியமே. கலைஞரின் திறமை எத்தகையதாயினும் வாத்தியத்தின் படிநிலை மாறாது. சம்பளமும் அழைப்பிதழில் பெயர் அச்சாகும் வரிசையும் அந்தப் படிநிலையைப் பின்பற்றும்.

‘சக்தி’யில் டிரம்ஸ் இல்லை, பேஸ் கிதார் இல்லை, பியானோவோ மின்விசைப்பலகையோ இல்லை. ஜாஸ்-ராக் இசையைத் தாங்கும் தூண்கள் மூன்றும் அகற்றப்பட்டிருந்தன. அவை தாங்கிய பாரத்தை யாரேனும் சுமந்தாக வேண்டும். கடத்தின் வாயை வயிற்றோடு பொருத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது எழும் ஆழ்ந்த கும்கி ஒலி, பேஸ் கிதாரின் இடத்தை ஓரளவு நிரப்பியது. விரல் நகங்களும் மோதிரமும் பானையின் கழுத்தில் எழுப்பும் கூரிய ஒலி, டிரம்ஸ் தட்டுகளின் இடத்தை எடுத்துக்கொண்டது. மண்ணால் செய்த ஒரே கருவி, மேற்கத்தியக் குழுவில் இரண்டு கலைஞர் செய்யும் வேலையைச் செய்தது. தபலாவும் கடமும் கேள்வி-பதிலாக மோதும் இடங்களில் முதல்வர், துணைவர் என்னும் பிரிவு காணாமற்போனது. இந்துஸ்தானித் தாளக் கலைஞரும் கர்நாடகத் தாளக் கலைஞரும் அன்றாடம் ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் வாய்ப்பும் அன்று அரிது. வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலிருந்த அந்தத் தடுப்பை, ஜாஸ் கலைஞர் ஒருவர் கூட்டிய குழு தாண்டியது.

மெக்லாலினும் தம் பங்குக்கு ஒன்றைக் கைவிட்டார். தமக்குப் புகழ் தந்த மின்கிதாரை வைத்துவிட்டு, மின்னிணைப்பற்ற கிதாரை எடுத்தார். அதற்கென ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் தனியமைப்பு ஒன்றைச் செய்தார். வாசிப்புத் தந்திகளுக்குக் கீழே ஒலித்துளையின் குறுக்கே 7 அனுநாதத் தந்திகள். விரற்பலகையில் கட்டைகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகக் குடையப்பட்டது. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை ஆழமாக இழுத்துக் கமகம் எழுப்ப முடிகிறது. குடைந்த விரற்பலகை அந்த வசதியைக் கிதாருக்கு அளித்தது. வீணைப் பாடம் ஒரு வாத்தியத்தின் உடலமைப்பையே மாற்றிய நிகழ்வு இது.

முதல் தொகுப்பு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. மூன்றே உருப்படிகள். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் ஏறத்தாழ 29 நிமிடம் நீளும் ஒரே உருப்படி நிறைத்தது. அட்டையில் குழுவின் பெயர் அச்சான விதம் கவனத்திற்குரியது: ‘சக்தி வித் ஜான் மெக்லாலின்’. சக்தி என்று மட்டும் எழுதினால் கடைகளில் யாருக்கும் தெரியாது. சந்தையில் விலைபோகும் பெயரை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. குழுவுக்குள் அழிந்துகொண்டிருந்த படிநிலை, அட்டையில் வேறொரு வடிவில் நிலைத்தது.

இதன் பிறகு இரண்டு கூடத் தொகுப்புகள் வந்தன: ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. ராகவன் விலகியிருந்ததால் நால்வரே எஞ்சினர். உருப்படிகளின் நீளம் குறைந்தது. மூன்றாம் தொகுப்பில் எளிதில் பற்றிக்கொள்ளும் மெட்டுகள் கூடின. விற்பனையோ மகாவிஷ்ணு காலத்தை நெருங்கவே இல்லை. மின்கிதாரின் இரைச்சலை எதிர்பார்த்து வந்த இரசிகர்களில் பெரும்பகுதியினர் பானையையும் வயலினையும் கண்டு திரும்பினர். 1978-இல் குழு ஓய்ந்தது. அவ்வாண்டு வெளியான மெக்லாலினின் தொகுப்புக்கு ‘எலக்ட்ரிக் கிதாரிஸ்ட்’ என்று பெயரிடப்பட்டது, சந்தைக்கு அவர் சொன்ன பதிலாகவே வாசிக்கத்தக்கது.

இனி அந்த நீண்ட இடைவெளி. இசை வரலாறுகள் இத்தகைய இடைவெளியை வெற்றிடமாகவே கருதும். அடுத்த இசைத்தட்டு வரும்வரை எதுவும் நிகழாததுபோல் எழுதும். உண்மையில் குழு பிரிந்ததால் அதன் முறை நான்கு திசைகளில் பரவியது. எல். சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கி, ஃபிராங்க் ஜாப்பா, பீட்டர் கேப்ரியல் முதலிய ராக் கலைஞர்களுடன் பணியாற்றினார். ஜாகிர் உசேன் தபலாவைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உலக அரங்குகளில் நிலைநிறுத்தினார். விநாயகராம், தம் தந்தை ஹரிஹர சர்மா 1958-இல் சென்னையில் நிறுவிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயாவைத் தொடர்ந்து நடத்தினார். 1991-இல் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் ஜாகிரும் விநாயகராமும் வாசித்தனர். உலக இசைக்கென்று கிராமி விருதில் முதன்முறையாக உருவாக்கப்பட்ட பிரிவின் பரிசை 1992-இல் அத்தொகுப்பு வென்றது. முழுக்கத் தாளவாத்தியங்களாலான தொகுப்பு அது. பின்வரிசை வாத்தியம் பாடகர் இல்லாமலும் நிற்கும் என்பதற்கு உலக அளவில் கிடைத்த சான்று.

1997-இல் மெக்லாலினும் ஜாகிரும் இங்கிலாந்தில் மீண்டும் கூடினர். விநாயகராமும் உடனிருந்தார். எல். சங்கர் இல்லை, அவருக்குப் பதிலாகப் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா. குழு தன்னை ‘ரிமெம்பர் சக்தி’ என்று அழைத்துக்கொண்டது. சக்தியை நினைவில் கொள்ளுங்கள் என்னும் அந்தப் பெயரில் ஒரு தயக்கம் இருக்கிறது: இது சக்தியேதானா, அதன் நினைவா?

அடுத்த ஈராண்டுக்குள் அமைப்பு முழுமையாக மாறியது. சௌராசியாவின் இடத்திற்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். விநாயகராமின் இடத்திற்கு அவருடைய மகன் வி. செல்வகணேஷ் வந்தார், முதன்மை வாத்தியம் கஞ்சிரா. சிறிது காலத்தில் பாடகர் சங்கர் மகாதேவன் சேர்ந்தார். இங்கு ஒரு வரலாற்று முரண் நிகழ்ந்தது. 1975-இல் மேற்கத்தியக் கலைஞர் மின்கிதாரைத் துறந்து கர்நாடக இசையை நோக்கி வந்தார். 1999-இல் கர்நாடக மேடையின் பெருங்கலைஞர் மின்மாண்டலினுடன் வந்து அவரைச் சந்தித்தார். மெக்லாலினும் மீண்டும் மின்கிதாரையே ஏந்தியிருந்தார். மரபு ஒரு பக்கம், நவீனம் மறுபக்கம் என்று பிரித்துவைத்த பழைய வரைபடம் செல்லாததாயிற்று.

கஞ்சிராவின் வருகை இன்னும் ஆழமானது. பலாமரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்திய, ஒரு கையில் அடங்கும் சிறு வாத்தியம் அது. புதுக்கோட்டை மரபு அதற்கு உயர்ந்த இலக்கணத்தை வகுத்திருந்தபோதும், மேடையில் அது உபபக்கவாத்தியமாகவே நின்றது. தோலைச் சற்றே நனைத்துச் சுருதியை இறக்கி, விரலழுத்தத்தால் ஒலியை வளைத்து, செல்வகணேஷ் அதை டிரம்ஸ் முழுத்தொகுதிக்கு ஈடாக ஒலிக்கச் செய்தார். தமிழ்த் திரைப்பட இரசிகர்கள் அவரை ‘வெண்ணிலா கபடி குழு’வின் இசையமைப்பாளராக அறிவர். 2007-இல் மெக்லாலினும் அவரும் இணைந்து கொன்னக்கோல் பாடத்தையே ஒளித்தட்டாக வெளியிட்டனர். தந்தை கடத்துக்குப் பெற்றுத்தந்த இருக்கையை மகன் கஞ்சிராவுக்கு விரித்தார்; அதோடு, உலகின் தாளக் கலைஞர்கள் கற்கும் பாடமாகவும் ஆக்கினார்.

ஆனால் ‘ரிமெம்பர் சக்தி’ கூடத்தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. வந்தவை நேரடிப் பதிவுகளே. 2000 டிசம்பரில் மும்பையில் பதிவான ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ அவற்றுள் புகழ்பெற்றது. சந்தூர் மேதை சிவகுமார் சர்மா, தவில் கலைஞர் ஏ.கே. பழனிவேல், சிவமணி முதலியோர் அதில் விருந்தினர். மேடையில் பிறந்து மேடையிலேயே முடியும் இசை என்னும் தன்னுணர்வு இக்குழுவுக்கு இருந்தது. கூடத்தின் கண்ணாடி அறைக்குள் அந்தக் கணநேரச் சவால்கள் உயிர்பெறுமா என்பது நியாயமான ஐயம்.

2014 செப்டம்பர் 19 அன்று யு. ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45. அந்த இழப்பில் குழு மௌனமாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 2020-இல் மெக்லாலின், சங்கர் மகாதேவன், ஜாகிர் மூவரும் ‘இஸ் தட் ஸோ?’ என்ற தொகுப்பை வெளியிட்டனர். அதே காலத்தில் குழுவை மீட்டெடுக்கும் முடிவும் உருவாயிற்று. கணேஷ்-குமரேஷ் இணையரில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன் வயலினுடன் சேர்ந்தார். 1978-க்குப் பின் காலியாக இருந்த வயலின் இருக்கை மீண்டும் நிறைந்தது.

அப்போது பெருந்தொற்று உலகை முடக்கியிருந்தது. மெக்லாலின் மொனாக்கோவில், ஜாகிர் கலிஃபோர்னியாவில், மற்றவர்கள் இந்தியாவில். ஒருவர் பதிந்த இசையைக் கோப்பாக அனுப்ப, அடுத்தவர் அதன்மேல் தம் வாசிப்பைச் சேர்த்து அனுப்ப, ‘திஸ் மொமன்ட்’ அடுக்கடுக்காக வளர்ந்தது. முதல் தொகுப்பு முழுவதும் ஒரே மேடையில் ஒரே நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தது. மறுவருகைத் தொகுப்பு ஒருவரையொருவர் காணாமல் வாசித்தது. ‘இக்கணம்’ என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய தொகுப்பு, பல கணங்களைத் தைத்து உருவானது.

இதன் விளைவு நன்மையும் இழப்புமாக இருக்கிறது. எட்டு உருப்படிகள். முதலாவதான ‘ஸ்ரீனிஸ் டிரீம்’ மறைந்த ஸ்ரீநிவாஸுக்கு அஞ்சலி. மறுவருகைத் தொகுப்பின் வாசலிலேயே இல்லாதவரை அமர்த்தியிருப்பது இக்குழுவின் நினைவுமுறையைக் காட்டுகிறது. ‘கிரிராஜ் சுதா’ தியாகராஜரின் பங்காள ராகக் கிருதியை அடியாகக் கொண்டது. முன்னரே மும்பை மேடையில் ஒலித்தது. ‘மோகனம்’ எனப் பெயரிட்ட உருப்படியும் உண்டு. ஐந்து சுரங்களாலான, வடக்கில் பூப் என்று வழங்கும், உலகின் பல நாட்டுப்புற மெட்டுகளுக்குத் தோள்கொடுக்கும் ராகம் அது. ஒலித்தெளிவு குறைவற்றது. கஞ்சிராவின் ஒவ்வொரு சொல்லும் தபலாவின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே கேட்கின்றன. 1975-இன் பதிவில் கடத்தின் ஒலியை மற்றவற்றுக்கிடையே தேடிப் பிடிக்க வேண்டிய இடங்கள் உண்டு. இங்கு அந்நிலை இல்லை. கொன்னக்கோலும் குரலிசையும் மெட்டின் நடுவிலேயே வந்து அமர்கின்றன.

இழப்பு எது? 1975-இன் இசையில் ஆபத்து இருந்தது. அடுத்த ஆவர்த்தனத்தில் யார் எங்கே திரும்புவார் என்பது வாசிப்பவருக்கே தெரியாத நிலை. சமத்தில் ஐவரும் ஒன்றாக வந்து விழும்போது கேட்பவரின் மூச்சு நின்று மீண்டது. ‘திஸ் மொமன்ட்’ அத்தகைய பதற்றத்தைத் தருவதில்லை. குரல் முன்னே நிற்பதால் பாடலின் வடிவம் வலுப்பெற்று, வாத்தியங்களுக்கிடையிலான மோதல் தணிந்துவிட்டது. பாடகர் நடுவே வந்ததும் கச்சேரி மேடையின் பழைய வடிவம் மெல்லத் திரும்புகிறதோ என்னும் கேள்வியும் எழுகிறது. ஆயினும் தாளவாத்தியம் குரலைப் பின்தொடர்வதோடு நின்றுவிடுவதில்லை. பல இடங்களில் தாளக்கட்டே உருப்படியின் கரு. மெட்டு அதன்மேல் படர்கிறது.

ஒப்பீட்டுக்கு மற்றொரு மறுவருகையை எடுத்துக்கொள்ளலாம். ஜாஸ் கலந்த ராக் இசைக்குப் பெயர்பெற்ற அமெரிக்கக் குழுவான ஸ்டீலி டான், 1980-இன் ‘கௌச்சோ’விற்குப் பிறகு 20 ஆண்டுகள் கழித்து 2000-இல் ‘டூ அகெய்ன்ஸ்ட் நேச்சர்’ தொகுப்பை வெளியிட்டது. 2001-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமியை வென்றது. அங்குத் திரும்பி வந்தவர்கள் டொனால்ட் ஃபேகன், வால்டர் பெக்கர் என்னும் இரு ஆக்கியோர். உடன் வாசித்த கலைஞர்கள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறக்கூடியவர்கள். ஆக்கியோர் இருவரும் இருந்தால் குழு இருக்கிறது என்று பொருள். 1984-இல் மெக்லாலின் ‘மகாவிஷ்ணு’ என்னும் பெயரை மீட்டபோதும் நிலை ஏறத்தாழ அதுவே; பழையவர்களில் டிரம்ஸ் கலைஞர் பில்லி கோபாம் ஒருவரே அந்தத் தொகுப்பில் வாசித்தார். ‘சக்தி’யின் தொடர்ச்சி வேறு வகையானது. அதில் இருக்கைகள் தொடர்ந்தன. கடம் எழுந்த இடத்தில் கஞ்சிரா அமர்ந்தது, தந்தை எழுந்த இடத்தில் மகன் அமர்ந்தார். கர்நாடக இசையில் பாணி என்று சொல்லப்படும் வழித்தொடர்ச்சியின் முறை, ஜாஸ்-ராக் உலகிலிருந்து கிளைத்த குழுவொன்றின் ஆயுளை நீட்டித்தது.

பெயரின் பயணமும் இங்கு முழுமை பெறுகிறது. 1976-இல் வெளியான முதல் இசைத்தட்டில் ‘சக்தி வித் ஜான் மெக்லாலின்’. 1997-க்குப் பின் ‘ரிமெம்பர் சக்தி’. 2023-இல் ‘சக்தி’. ஒட்டுப்பெயரும் இல்லை, நினைவூட்டலும் இல்லை. 1973-இல் ஒரு குழுவை உடைத்த கேள்விக்கு, 50 ஆண்டுகள் கழித்து 81 வயதில் மெக்லாலின் அளித்த விடையாக இதைக் கொள்ளலாம்.

எனினும் வெளியுலகம் அந்த விடையை முழுதாக ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் கிராமிச் செய்தி வந்தபோது இந்திய ஊடகத் தலைப்புகளில் பெரும்பாலும் இடம்பெற்றவை ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன் ஆகிய பெயர்கள். கஞ்சிராவும் வயலினும் செய்தியின் உட்பகுதியில் நின்றன. 1975-இல் அந்த இருக்கையை முதலில் உருவாக்கிய கடத்தின் பெயரும், முதல் மூன்று தொகுப்புகளின் மெட்டுகளில் பெரும்பங்கு கொண்ட எல். சங்கரின் பெயரும் பல செய்திகளில் இல்லவே இல்லை. மேடையில் மறைந்த பின்வரிசை செய்தித்தாளில் மீண்டும் தோன்றியது. இசை வரலாறு எழுதுவோருக்கும் இதில் பொறுப்புண்டு. குழுவைத் தலைவரின் பெயரால் மட்டும் அழைக்கும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பழைய இருக்கை வரிசையை மீண்டும் போடுகிறது.

1992-இல் தந்தை பங்கேற்ற தொகுப்பு கிராமி பெற்றது. 2024-இல் மகன் பங்கேற்ற தொகுப்பு கிராமி பெற்றது. இரண்டுக்கும் இடையே பிரிவின் பெயரே உலக இசை என்பதிலிருந்து உலகளாவிய இசை என்று மாற்றப்பட்டிருந்தது. இரண்டு தொகுப்புகளிலும் வாசித்த பொதுவான கை ஜாகிர் உசேனுடையது. 1975-இல் சவுத்தாம்ப்டன் மேடையில் 24 வயது இளைஞராகக் கடத்தோடு உரையாடத் தொடங்கியவர், 73 வயதில் மறையும்போது அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையோடு உரையாடி முடித்திருந்தார். இத்தொகுப்பை இனிக் கேட்பவர்கள் பாடலை ஒருமுறை கேட்டபின், தபலாவும் கஞ்சிராவும் பேசிக்கொள்ளும் இடங்களை மட்டும் தேடி இன்னொருமுறை கேட்கலாம். 46 ஆண்டுகளில் நிகழ்ந்தது அங்கே பதிவாகியிருக்கிறது.